அடம் இல்லே... அவனுக்கு வலிக்குது!

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா தன் நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். தூக்கிக்கொண்டு என்பதைவிட, அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்பதே சரி. பையன் உடம்பில் சட்டை இல்லை.

"சட்டையே போட மாட்டேங்கான் டாக்டரம்மா. போட்டா பிச்சு எறியுதான். கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறதில்ல. ஆனா பக்கத்து வீட்ல மிக்சி ஓடுனா காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிருதான். உடம்புல சூடு ஜாஸ்தியா இருக்குமோ? உங்க மருந்துல ஏதாச்சும் குடுங்க" என்றார். 'ஆட்டிசம்' என்று குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் பையில் இருந்தது.

நான் என்ன செய்தேன்? படித்த முறைப்படி நாடி பார்த்தேன். வாதம் மிகுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பிரமி நெய் எழுதினேன். வாரம் இரண்டு நாள் உடம்பு பூரா நல்லெண்ணெய் தடவி, ஊற வைத்துக் குளிப்பாட்டச் சொன்னேன். "அழுவான், விட்டுராதம்மா... பழகிரும்" என்று வேறு சொல்லி அனுப்பினேன்!

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் எண்ணெய் தடவ, ஒவ்வொரு தடவையும் வீடே ரணகளம். பையன் தன் மணிக்கட்டையே கடித்துப் புண்ணாக்கியிருந்தான். பாத்ரூம் கதவைத் திறந்தாலே இப்போது குமட்டுகிறானாம். அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. தன் தலையெழுத்தைத்தான் சொல்லிக்கொண்டார். எனக்கு அது இன்னும் உறைத்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்பினேன். என்னைவிட இருபது வயசு சின்னவர். பையனை அரை மணி நேரம் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "மேடம், எண்ணெயை மெல்லத் தடவச் சொன்னீங்களா, அழுத்தித் தேய்க்கச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. எண்ணெய் எந்த எண்ணெய், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் யோசித்த நான், தொடுகிற கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தப் பையனுக்கு மெல்லத் தடவும் கை, நமக்கு உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி இருந்திருக்கிறது. அழுத்திப் பிடித்தால் அவன் அழவில்லை. பொறுத்துக்கொண்டான்.

ஐந்து இல்லை, ஏழு!

இந்த வரியைப் படிக்கும் நிமிஷத்தில் உங்கள் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கலாம். கழுத்துச் சங்கிலி தோலில் உரசிக்கொண்டிருக்கலாம். தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் கூவிக்கொண்டு போகலாம். நான் சொன்ன பிறகுதானே அவையெல்லாம் நினைவுக்கு வருகின்றன? அதுவரை உங்கள் மூளை அவற்றை 'தேவையில்லை' என்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் முன்னால் நிறுத்தியிருந்தது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நொடியும் நம்மைக் கேட்காமலே நடக்கிற வேலை இது.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. எல்லாமே ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கும். அல்லது வரவேண்டியது வராமலே போகும்.

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று நாம் ஐந்து படித்தோம். இந்த விஷயத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்தே ஆகவேண்டும். ஒன்று, சமநிலை. காதுக்கு உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அது அசைந்து, 'இப்போது சாய்கிறாய், சுழல்கிறாய்' என்று மூளைக்குச் சொல்கிறது. இன்னொன்று, தசையும் மூட்டும் தரும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே உங்களுக்குச் சொன்னது அந்த உணர்வுதான்.

எங்கள் சித்த மருத்துவத்தில் 96 தத்துவங்கள் உண்டு. அதில் பொறி ஐந்து, புலன் ஐந்து. அதற்காக 'இதையெல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்' என்று மார்தட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை நான் தெரபிஸ்டுகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சில குழந்தைகளுக்குப் புலன் அதிகமாக வேலை செய்யும். சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிள் முள்ளாகக் குத்தும். குக்கர் விசில் காதைக் கிழிக்கும். இட்லி சாப்பிடுவான், அதையே சாம்பாரில் ஊற வைத்தால் வாந்தி எடுப்பான். சிலருக்குக் குறைவாக வேலை செய்யும். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் அழ மாட்டார்கள். உணர்வு போதாததால் தேடிக்கொண்டே இருப்பார்கள்: சோபாவிலிருந்து குதிப்பது, சுவரில் மோதுவது, எத்தனை நேரம் தன்னையே சுற்றினாலும் தலைசுற்றாமல் நிற்பது, எதையும் வாயில் வைத்துக் கடிப்பது... பெற்றவர்களைக் குழப்புவது என்னவென்றால், ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கும். சத்தத்துக்கு அலறுகிறவனுக்கு அடி பட்டால் வலி தெரியாது.

'கூப்பிட்டால் திரும்பாதவன் மிக்சிக்கு மட்டும் ஏன் கத்துகிறான்? வேணும்னே பண்றான்' என்று மாமியார் சொல்வார். பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். இல்லை அம்மா. உங்கள் குரல் அவனுக்கு மற்ற பத்துச் சத்தங்களோடு கலந்து போகிறது. மிக்சி அவனைத் தாக்குகிறது. (காது கேட்கிறதா என்ற பரிசோதனையை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள். அதைச் செய்யாமலே ஆட்டிசம் என்று வருஷக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.)

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆட்டிசத்தைப் பற்றிய ஆரம்பகால விவரமான பதிவுகளில் ஒன்று. தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் லிஃப்டுக்கும் அந்தக் குழந்தைகளில் சிலர் பயந்ததை அவர் அதிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க்குறிப் பட்டியலில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் தொந்தரவு இடம் பிடித்தது 2013-ல்தான். எழுபது வருஷம்! அத்தனை வருஷமும் அடம் என்றும் திமிர் என்றும் எத்தனை குழந்தைகள் அடி வாங்கியிருக்கும்...

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947-ல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர். கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனவர். யாராவது கட்டிப்பிடித்தால் அவரால் தாங்க முடியாது. ஆனால் உடம்பு முழுக்க ஓர் அழுத்தம் வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். இளம் வயதில் தன் உறவினர் ஒருவரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் பலகையால் நெருக்கி நிறுத்துவதையும், மிரண்ட மாடுகள் அந்த அழுத்தத்தில் அமைதியாவதையும் பார்த்தார். தனக்கும் அதுபோல ஒன்றைப் பலகையில் செய்துகொண்டார். அழுத்தம் எவ்வளவு, எத்தனை நேரம் என்பது அவர் கையிலேயே இருந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊஞ்சல் கட்டிய வைத்தியசாலை

புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சி என்பதை உருவாக்கியவர் ஜீன் அயர்ஸ். கலிஃபோர்னியாவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்தவர். 1972-ல் இதைப் பற்றிய முக்கியமான புத்தகத்தை எழுதினார். 1988-ல் காலமானார். முதலில் படிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்காகத்தான் இதை வகுத்தார். பிறகுதான் ஆட்டிசத்துக்கும் வந்தது. தெரபிஸ்டுகள் 'எஸ்.ஐ.' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அந்த அறைக்குள் முதன்முதலாகப் போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தரை முழுக்க மெத்தை. மேலே கொக்கிகள். அவற்றில் பலகை ஊஞ்சல், உருளை ஊஞ்சல், துணி ஊஞ்சல். ஏறுவதற்குக் கயிற்றேணி. குப்புறப் படுத்துக் கையால் தள்ளிப் போக, சக்கரம் வைத்த பலகை. 'இதுக்கா காசு?' என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சூட்சுமம் புரிந்தது.

நம் பையன் உருளை ஊஞ்சலில் குப்புறப் படுத்துக் கட்டிக்கொண்டான். அது அவனாகத் தேர்ந்தெடுத்தது. தெரபிஸ்ட் கொஞ்ச நேரம் ஆட விட்டார். பிறகு, ஆடிக்கொண்டே எட்டி எடுக்கும் தூரத்தில் ஒரு பையை வைத்தார். எடுத்தான். அடுத்த முறை அரை அடி தள்ளி வைத்தார். விழாமல் இருக்க உருளையை இறுகப் பிடிக்க வேண்டும். கண்ணால் தூரத்தை அளக்க வேண்டும். ஒரு கையை விட வேண்டும். சமநிலை, தசை, கண், தொடுதல் நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்தன. பை சொரசொரப்பான சாக்குத் துணி. சட்டையைத் தாங்காத அதே கை அதை எடுத்தது! ரொம்ப சுலபமாகவும் இருக்கக்கூடாது, குழந்தை பயந்து ஓடும்படியும் இருக்கக்கூடாது. அந்த நடு இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் திறமை இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: குழந்தையைப் படுக்க வைத்து பிரஷ்ஷால் தேய்ப்பதும், ஊஞ்சலில் உட்கார வைத்து யாரோ ஆட்டுவதும், பத்துக் குழந்தைகளைப் பந்துக் குளத்தில் இறக்கிவிடுவதும் அயர்ஸ் வகுத்த முறை ஆகாது. குழந்தை தானே செய்ய வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு தெரபிஸ்ட். கிராண்டின் கதையில் சொன்னேனே, அளவு அவர் கையில் இருந்தது என்று... அதேதான் இங்கேயும்.

பலன் உண்டா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஆட்டிசத்தைக் குணமாக்காது. அப்படி யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தப் படியைவிட்டு இறங்கிவிடுங்கள்.

2014-ல் அமெரிக்காவில் 32 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 4 முதல் 8 வயது வரை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று என 10 வாரத்தில் 30 அமர்வுகள். ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் சொன்ன சின்னச் சின்னக் குறிக்கோள்களில் இந்தக் குழந்தைகள் கூடுதலாக முன்னேறினார்கள். பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 138 குழந்தைகளை வைத்து இன்னும் பெரிய ஆய்வு. முடிவு 2022-ல் வந்தது. எரிச்சலும் கொந்தளிப்பும் குறைகிறதா என்று பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்ற குழந்தைகளுக்கும் எஸ்.ஐ. பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் இதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், 'பையன் அமைதியாகிடணும்' என்று கேட்டால் ஏமாற்றம்தான். 'யூனிஃபார்ம் சட்டையை அரை மணி நேரம் போட்டுக்கணும்', 'முடி வெட்டும் கடையில் அழாம உட்காரணும்' என்று குறிப்பாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2012-ல் இதற்கு ஆதாரம் குறைவுதான் என்று பெற்றோரிடம் சொல்லச் சொன்னது. பலன் தெரிகிறதா என்று கணிக்கப் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கவும் சொன்னது.

ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள். தெரபிஸ்ட் பி.ஓ.டி. அல்லது எம்.ஓ.டி. படித்தவரா? என்ன குறிக்கோள், எப்போது திரும்பிப் பார்ப்போம்? அமர்வு நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா? கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்று கறாராகச் சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டரை மாதம் ஆகியும் எழுதி வைத்த குறிக்கோளில் அசைவே இல்லையென்றால் தெரபிஸ்டோடு உட்கார்ந்து பேசுங்கள், மாற்றுங்கள், வேண்டுமானால் நிறுத்துங்கள். இதற்காக ஸ்பீச் தெரபியையும் சிறப்புக் கல்வியையும் கைவிடாதீர்கள். நகையை அடகு வைத்து மூன்று வருஷம் ஒரே ஊஞ்சலில் ஆட்டிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், 'நிறுத்தினா பையன் பின்னால போயிருவான்னு பயமுறுத்துனாங்க' என்றார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று நாளைக்கு, பிள்ளை கலவரப்பட்ட ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் என்ன நடந்தது? புது டியூப்லைட், தாளிக்கும் நெடி, விருந்தாளியின் சென்ட்... காரணம் பெரும்பாலும் அதில் அகப்படும்.

சட்டை லேபிளைக் கத்தரித்துவிடுங்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணிதான் நல்லது. தையல் உறுத்தினால் பனியனை உள்பக்கம் வெளியே வருமாறு போடுங்கள். யார் பார்த்தால் என்ன? நகத்தைக் குளித்த பிறகு, ஊறியிருக்கும்போது வெட்டுங்கள். தலை வாரும்போது முதலில் உள்ளங்கையால் உச்சியை அழுத்திக் கொடுத்துவிட்டு, 'பத்து எண்ணினா முடிஞ்சுது' என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வாருங்கள். பத்தில் நிறுத்திவிடவும் வேண்டும்! இன்னும் சிக்கு இருக்கிறதே என்று பதினைந்து வரை போனால் மறுநாள் நம்ப மாட்டான்.

மிக்சி ஓடுமுன் சொல்லுங்கள். முடிந்தால் ஸ்விட்சை அவனையே போட விடுங்கள். தானே போடும் சத்தம், திடீரென்று வரும் சத்தம் அளவுக்குத் தாக்குவதில்லை. கல்யாண வீட்டுக்கும் தீபாவளிக்கும் காதை மூடும் ஹெட்ஃபோன் கைவசம் இருக்கட்டும். ஆனால் நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள். காதைப் பொத்தியிருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். டீச்சரிடமும் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஓயாமல் குதிக்கும் பிள்ளைக்குக் கனமான வேலை கொடுங்கள். சின்ன வாளியில் தண்ணீர் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத்துணி பிழிவது, நாற்காலியைத் தள்ளிப் போடுவது. வீட்டுப்பாடத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் இதைச் செய்ய விட்டால் பல பிள்ளைகள் கொஞ்சம் அடங்கி உட்காருகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

சாப்பாட்டில் வற்புறுத்தவே கூடாது. மூக்கைப் பிடித்து ஊட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். புது உணவைத் தட்டின் ஓரத்தில் ஒரு கடலை அளவு வையுங்கள். தொட்டால் போதும், முகர்ந்தால் போதும். நாலு பண்டத்துக்கு மேல் சாப்பிடாத பிள்ளை, எடை குறையும் பிள்ளை என்றால் குழந்தை டாக்டரைப் பாருங்கள்.

வீட்டு ஊஞ்சல் தாராளமாக நல்லது, பிள்ளையே ஆட்டிக்கொள்ளும் வரை. நீங்கள் பிடித்துச் சுழற்றாதீர்கள். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ நிறுத்துங்கள். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். புடவையில் கட்டிய தூளியில் சுருண்டு கிடப்பது பல பிள்ளைகளுக்குச் சொர்க்கம். ஆனால் முறுக்கிக்கொண்டு கழுத்தில் சிக்கும் ஆபத்து இருக்கிறது. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். கனமான போர்வை என்று இப்போது விற்கிறார்கள். இங்கிலாந்தில் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் போர்த்திப் பார்த்து 2014-ல் முடிவு சொன்னார்கள்: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிடித்திருந்தது, தூக்கம் மட்டும் கூடவில்லை. தானே விலக்க முடியாத பிள்ளைக்கு அதைப் போர்த்தவே கூடாது. கனடாவில் 2008-ல் அப்படிச் சுற்றி வைத்த ஒரு சிறுவன் மூச்சுமுட்டி இறந்திருக்கிறான்.

என் வைத்தியத்தைப் பற்றி...

கேட்பீர்கள் என்று தெரியும். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து சித்தத்தில் இல்லை. எரிச்சலைக் கட்டுப்படுத்த ஆங்கில மருத்துவத்தில் மாத்திரை உண்டே தவிர, ஆட்டிசத்துக்கே மருந்து அங்கேயும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் தூக்கக் குறைவும் அடிக்கடி வரும். அவற்றுக்கு, குழந்தை டாக்டருக்குத் தெரிந்து, எங்களிடம் வரலாம். 'மூளையைத் திறக்கும் செந்தூரம்' என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால், நானே சொல்கிறேன், வாங்காதீர்கள். உலோகம் சேர்ந்த மருந்துகளைச் சின்னக் குழந்தையின் சிறுநீரகத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடாது.

அந்தப் பையனுக்கு இப்போது பதினாறு வயசு. தெரபிஸ்டிடம் போய், காலர் இல்லாத சட்டையை முழு நாளும் போட்டுக்கொள்ள நாலு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பேச்சு இன்றைக்கும் சில வார்த்தைகள்தான். மிக்சி இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் கட்டிலுக்கு அடியில் போவதில்லை, எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமைகளில் அவனுடைய அப்பா உள்ளங்கையால் அழுத்தி, பாதத்துக்கு மட்டும் எண்ணெய் தேய்க்கிறார். முழங்காலுக்கு மேலே கை போனால் தள்ளிவிடுவான். அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சந்தேகம் இருக்கும் பெற்றோர் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி.' என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடிப்பதற்கான மாவட்ட மையம் அது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனமும் இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் ஒன்று என்பதால், சான்றிதழ் வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். போகும்போது அந்த மூன்று நாள் நோட்டையும், பிள்ளை காதைப் பொத்தும்போதோ சட்டையைக் கழற்றும்போதோ செல்போனில் எடுத்த வீடியோவையும் கொண்டு போங்கள். புது இடத்தில், டாக்டர் முன்னால், பாதிப் பிள்ளைகள் அதையெல்லாம் செய்து காட்ட மாட்டார்கள்.